என் பெயரில் ஒரு ரஸ்க்

என் பெயர் முதல்முறை அச்சில் வந்தது செய்தித்தாளில். இரண்டாவது முறை ரஸ்க் பொட்டலத்தில். முதலாவதை எங்கள் வீட்டாரையும் என் பி.டி. மிஸ்ஸையும் தவிர வேறு யாரும் பார்த்ததாக அப்போது தெரியவில்லை. இரண்டாவதைத் தாம்பரமே டீயில் நனைத்துத் தின்றது.

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஓடிக்கொண்டிருந்தேன். நானூறு மீட்டர். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள்தான். அவற்றைத் தாண்டினால் ஏரிக்கரை. பொழுது விடிந்ததும் கரைமேல் ஓடுவேன். ஒரு பெண் காரணமில்லாமல் ஓடுவதை அந்தப் பக்கத்து ஜனங்கள் அதுவரை பார்த்ததில்லை. மாடு ஓட்டி வந்த ஒருவர் ஒருநாள் தடியை ஓங்கிக்கொண்டு எனக்குப் பின்னாலேயே ஓடி வந்தார். என்னை எவனோ துரத்துகிறான், அவனை அடிக்க வேண்டும் என்று. "யாரும் துரத்தலீங்க, சும்மாதான் ஓடறேன்" என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இன்னாத்துக்கும்மா ஓடறே? எனக்கு மூச்சு வாங்குது பாரு" என்று திட்டிவிட்டுப் போனார்.

பி.டி. மிஸ் பள்ளிக்கூடத்தில் எனக்கு விளையாட்டு டீச்சராக இருந்தவர். நான் பள்ளியை விட்ட பிறகும் அவர் என்னை விடவில்லை. பல்லாவரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார். தினம் சாயங்காலம் ரயிலேறி கிழக்குத் தாம்பரத்து மைதானத்துக்கு வந்து, கழுத்தில் விசிலோடு நிற்பார். பாராட்டு என்பது அவர் வாயில் வராது. நன்றாக ஓடினால் "ம்" என்பார். சரியாக ஓடாவிட்டால் அதுவும் கிடையாது. அந்த வருடம் மாநிலப் போட்டியில் நான் முதலாவதாக வந்தபோது இரண்டு "ம்" கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வடக்கே தேசியப் போட்டி. அதற்குப் போகும் மாநில அணியில் எனக்கு இடம் அநேகமாக நிச்சயம் என்றார் மிஸ். மற்றப் பெண்கள் நகைக்கும் புடவைக்கும் ஆசைப்பட்ட வயதில் நான் ஆசைப்பட்ட ஒரே பொருள், முன்பக்கம் மாநிலத்தின் பெயர் எழுதிய அந்த பனியன்தான்.

செய்தித்தாளில் தபால்தலை அளவுக்கு என் படம் வந்தது. அதை எங்கள் வீட்டாரையும் மிஸ்ஸையும் தவிர இன்னொருவரும் பார்த்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் பேக்கரி வைத்திருந்தவர். எங்கள் சர்ச் சபைக்காரர். அவரும் அப்பாவும் சபைக் கமிட்டியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கிறிஸ்துமஸ் வந்தால் சபையில் பாதிக் குடும்பங்கள் மாவும் முட்டையும் முந்திரியும் தூக்கிக்கொண்டுபோய் அவர் அடுப்பில்தான் கேக் சுட்டு வாங்கும். அம்மாவுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, யாரும் கேட்காமலேயே தினமும் எங்கள் வாசலுக்கு ரொட்டி அனுப்பியவர். நல்ல மனுஷர். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எங்கள் பாடு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில்தான் அதை முதலில் பார்த்தேன். ரோஸ் காகிதத்தில் சுற்றிய ரஸ்க் பொட்டலம். அதன்மேல் கொட்டை எழுத்தில் என் பெயர், பெயருக்குப் பின்னால் "ரஸ்க்". கீழே தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண் கையில் ரஸ்க்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். "வேகம் தரும், வலிமை தரும்" என்று ஒரு வரி வேறு. நான் ஓடியது கால்சட்டைபோல நடுவில் பிரிந்த டிவைடட் ஸ்கர்ட்டில். பூ வைத்துக்கொண்டு ஓடியது கிடையாது. வலிமை தந்தது காலையில் அம்மா போட்ட பழைய சோறும் நெத்திலிக் கருவாடும். ரஸ்க் எனக்கு ஆகாது, தொண்டையில் அடைக்கும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய் மிஸ்ஸிடம் காட்டினேன்.

மிஸ் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு நீ சம்மதிச்சியா?"

"என்னை யாரும் கேட்கவே இல்லை, மிஸ்."

"விளையாடறவ தன் பேரையோ படத்தையோ ஒரு சரக்கு விக்கறதுக்குக் கொடுத்தா, அவ அமெச்சூர் இல்ல. தொழில்காரி. அப்புறம் எந்தப் போட்டியிலயும் சேர்க்க மாட்டாங்க. இதான் ரூல்."

"நான்தான் கொடுக்கலையே?"

"கொடுக்கலைன்னு நீ சொன்னா போதாது. அந்த ஆள் நிறுத்தணும். நிறுத்தச் சொல்லி நீங்க தடுத்தீங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும். டீம் லிஸ்ட் போடறதுக்குள்ள."

ஆனாலும் இதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. தெரிந்த மனுஷர், போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளே அப்பாவும் நானும் பேக்கரிக்குப் போனோம். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். குரலை உயர்த்தத் தெரியாது. வகுப்பில் கத்துகிற பையனைக்கூட "தம்பி, கொஞ்சம்" என்றுதான் அடக்குவார். பேக்கரிக்காரர் எங்களைப் பார்த்ததும் கல்லாவைவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"வாங்க சார், வா பாப்பா! இதுக்குப் போயி தேங்க்ஸ் சொல்ல இம்மாந்தூரம் வந்துகினு."

"தேங்க்ஸ் சொல்ல வரலை. பேரை எடுத்துடுங்க. எங்களுக்கு வேண்டாம்" என்றார் அப்பா.

"நீங்க அப்படித்தான் சார் சொல்வீங்க. உங்க கொணம் எனக்குத் தெரியாதா?"

"நிஜமாவே வேண்டாம்."

"சார், நம்ம பொண்ணு பேருக்குப் பதிலா வேற எவ பேர சார் போடுவேன்? உக்காருங்க, பப்ஸ் சூடா கீது."

"பப்ஸும் வேண்டாம்" என்றார் அப்பா. பப்ஸ் வந்தது.

வந்துதான் தீரும். எங்கள் ஜனங்களின் வழக்கம் அது. யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. வேண்டாம் என்றவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்பினால் அந்த வீட்டுப் பேர் ஊரெல்லாம் நாறும். மாலை போட்டால் வேண்டாம் என்பார்கள், மேடைக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்பார்கள், கடைசியில் கழுத்தில் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். அதிலும் எங்கள் அப்பாவைப்போன்ற ஒரு வாத்தியார் அத்தனை மெல்லிய குரலில் வேண்டாம் என்று சொன்னால் அதைத் தடுப்பதாக யார் நினைப்பார்கள்? நான் பொறுக்க முடியாமல் குறுக்கே புகுந்தேன்.

"அங்கிள், நீங்க என் பேரைப் போட்டா என்னை டீம்ல சேர்க்க மாட்டாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் பேரு ஊரு பூரா தெரிஞ்சா உன்னச் சேக்க மாட்டாங்களா? யாருக்குக் காது குத்தறே பாப்பா?"

அவர் சொன்னது நியாயம்தான். விதியில்தான் நியாயமில்லை. அதை அவருக்குப் புரியவைக்க நான் ஏதேதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "சரி பாப்பா, பாத்துச் செய்யறேன்" என்றார். செய்தார்.

அடுத்த பதினைந்து நாளில் புதுப் பொட்டலம் வந்தது. தாவணிப் பெண்ணைக் காணோம். அவளுக்குப் பதில் செய்தித்தாளில் வந்த என் படம், அச்சுக்கு பிளாக் எடுத்துப் பெரிதாகப் போட்டது. என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். வாத்தியார் அவ்வளவு தூரம் வந்து முகம் வாடிப் பேசினாரே, பெற்றவர் பெயர் இல்லாமல் பெண்ணின் பெயரை மட்டும் போட்டது அவருக்கு மனத்தாங்கல் என்று இவராகவே முடிவுகட்டியிருக்கிறார். முந்தின பொட்டலத்திலாவது அது நானில்லை என்று சாதித்திருக்கலாம். எங்கள் சபையிலேயே என் பெயரில் நான்கு பெண்கள் இருந்தார்கள். இப்போது அந்த வழியும் அடைபட்டது.

"வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்க சார்" என்றார் மிஸ், எங்கள் வீட்டுக்கே வந்து.

"சர்ச்சுல ஒரே பாத்திரத்துல திருவிருந்து எடுக்கறோம்மா. அவர் மேல நோட்டீஸா?" என்றார் அப்பா. அம்மா டைபாய்டு ரொட்டியை ஞாபகப்படுத்தினாள். எனக்கு இருவர்மீதும் எரிச்சலாக வந்தது. ஆனால் நோட்டீஸ் கொடுத்தே தீர வேண்டும் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. நானும் அந்த ரொட்டியைத் தின்றவள்தானே.

மிஸ் எழுந்துகொண்டார். போகும்போது ஒன்று சொன்னார். "அப்ப ஒண்ணாவது செய்யுங்க. உங்க கண்ணு முன்னால இது விலைபோகக் கூடாது. விக்கறதைப் பாத்துக்கிட்டு நீங்க சும்மா நின்னா, அது சம்மதம்தான்னு சொல்லிடுவாங்க." அப்பா அதைக் கணக்குச் சூத்திரம்போல மனதில் வாங்கிக்கொண்டார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. வயலில் விளைந்ததிலும் வீட்டில் செய்ததிலும் முதல் பங்கைக் கொண்டுவந்து பீடத்தின்முன் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு ஏலம் விடுவார்கள், பணம் சபைக்கு. பூசணிக்காய், வாழைத்தார், காலைக் கட்டிய சேவல், கேக் எல்லாம் விலைபோகும். அது ஏலமா விளையாட்டா என்று வெளியாட்களுக்குச் சொல்ல முடியாது. ஒருவர் ஒரு பொருளுக்கு ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால் போதும், மற்றவர்கள் வேண்டுமென்றே ஏற்றிவிடுவார்கள். எடுத்தவர் அதைத் திரும்பவும் சபைக்கே கொடுப்பார், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரு எலுமிச்சம்பழம் இப்படியே சுற்றிச் சுற்றி வந்து ஒரு ஆட்டின் விலைக்குப் போவதும் உண்டு.

அந்த வருடம் பேக்கரிக்காரர் ஒரு பெரிய மூங்கில் கூடை நிறைய ரஸ்க் பொட்டலங்களை அடுக்கி, ஜிகினாத் தாள் சுற்றிக் கொண்டுவந்து பீடத்தின்முன் வைத்திருந்தார். பாடல் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தால் கூடை முழுக்க என் முகம். நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

பீடத்தின்முன் வைத்த காணிக்கையை எடு என்று எந்தச் சபைக்காரனும் சொல்ல மாட்டான். அப்பாவால் நினைக்கக்கூட முடியாது. ஏலம் விட்டவர் ரயில்வேயில் கார்டு, தொண்டை பெரியது. கூடையைத் தலைக்குமேல் தூக்கி, "நம்ம சபை பொண்ணு, நம்ம சபை ரஸ்க்கு! யார் கேக்கறீங்க?" என்றார். கேட்டார்கள். கண்முன்னால் விலைபோகப்போகிறது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? கையைத் தூக்கினார். தானே வாங்கிவிட்டால் வேறு யாருக்கும் விற்காதல்லவா? ஒரு கணக்கு வாத்தியாருக்கு அதுதான் விடையாகத் தோன்றியிருக்கிறது.

சபை முழுக்க ஒரு ஆரவாரம். வாழ்நாளில் ஏலத்தில் கை தூக்காத வாத்தியார், மகளுடைய ரஸ்க்குக்குக் கை தூக்கிவிட்டார்! அப்புறம் சும்மா விடுவார்களா? பின்னாலிருந்து ஒருவர் ஏற்றினார், பக்கத்திலிருந்து ஒருவர். அப்பா மறுபடியும் தூக்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு. அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அப்பா விடவில்லை. வகுப்பில் கத்தத் தெரியாத மனுஷர், "என்கிட்டயே குடுங்க!" என்று அன்றைக்குக் கத்தினார். அதைக் கேட்டு இன்னும் கைதட்டினார்கள். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! கூடை அப்பா கைக்கு வந்தது. பேக்கரிக்காரர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். போதகர் இருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். திரும்ப ஏலத்துக்குக் கொடுக்கச் சொன்னபோது அப்பா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுத்துவிட்டார். "பொண்ணு பேர விட மனசு வரல பாரு" என்று எனக்குப் பின்னாலிருந்த ஒரு அம்மா உருகினாள். எழுந்து நின்று உண்மையைக் கத்தலாமா என்று இருந்தது. யாரிடம் கத்துவது? எல்லோருமே சந்தோஷமாக இருந்தார்கள்.

சாமிக்குப் படைத்ததை எறிய முடியாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது, என் முகம் வெளியே போகக் கூடாதே. ஆகவே நாங்களே தின்றோம். காலையில் ரஸ்க், சாயங்காலம் ரஸ்க். ரஸ்க் கெட்டும் போகாது, சனியன். அப்பா மேலுறையை ஒவ்வொன்றாகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் தன் டம்ளரில் நனைப்பார். ஒருநாள் மிஸ் வந்தபோது அம்மா வழக்கம்போல அவர் வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல் டீயும் தட்டில் ரஸ்க்கும் கொண்டுவந்து வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மிஸ் தட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார், "மாநில அத்லெடிக் சங்கத்துக்கு ஒரு பொட்டலம் போயிருக்கு. விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க."

யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தேகம் உண்டு. மாநிலப் போட்டியில் எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு ஒரு பெரியப்பா இருந்தார், சங்கத்துக் கூட்டங்களில் எப்போதும் முன்வரிசை. ஆனால் அவரைச் சொல்லி என்ன? பொட்டலத்தை அவர் அச்சடிக்கவில்லை.

"ஒரே வழிதான் இருக்கு" என்றார் மிஸ். "அந்தக் கடைக்காரரையே கூட்டிட்டு வாங்க. இவங்களைக் கேக்காம நானாத்தான் போட்டேன், இவங்க வந்து தடுத்தாங்கன்னு அவர் வாயால சொல்லட்டும். முடிஞ்சது." எனக்கு உயிர் வந்தது. பேக்கரிக்காரரிடம் போய்ச் சொன்னோம். அவருக்கு விஷயம் எவ்வளவு புரிந்ததோ, பாப்பாவுக்காக மெட்ராஸுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது புரிந்தது. கடையைப் பாதி நாள் மூடினார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

ரயிலில் போகும்போது நான் அவருக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னேன். "அங்கிள், எங்களைக் கேக்காம போட்டீங்கன்னு சொல்லணும். அப்பா வந்து நிறுத்தச் சொன்னாருன்னு சொல்லணும்."

"அத்தானே? சொல்டறேன் பாப்பா. நீ பயப்படாத."

பெரியமேட்டில் ஒரு மாடி அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசினார். மேஜையில் என் முகத்தோடு பொட்டலம்.

"இதுக்கு எவ்வளவு வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கலை, சார்."

"யாராவது சும்மா பேர் குடுப்பாங்களாம்மா?"

"நான் குடுக்கவே இல்லை, சார்."

பேக்கரிக்காரரைக் கேட்டார்கள். கேட்காமல்தான் போட்டேன் என்று சொன்னார். எனக்கு மூச்சு சீரானது. "தெரிஞ்சப்புறம் இவங்க உங்களைத் தடுத்தாங்களா? ஆட்சேபணை, தகராறு ஏதாவது?" என்றார் நடுவிலிருந்தவர்.

தகராறு என்ற சொல்லைக் கேட்டதும் பேக்கரிக்காரர் முகம் மாறிவிட்டது. அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பெரிய மனிதர்கள் முன்னால், ஒரே சபைக்காரர்கள் இருவரும் ஒரு ரஸ்க்குக்காக அடித்துக்கொண்டார்கள் என்று சொல்வதா? வாத்தியாருடைய மரியாதை என்ன ஆவது? அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அவர் வாயைத் திறந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சே சே! தகராறா? எங்களுக்குள்ளயா? சார், வாத்யார் சாரு தங்கமான மனுசன். கோயில் ஏலத்துல இதே ரஸ்க்க ஒரு கூடை, அத்தினி பேரும் போட்டிபோட, எவனுக்கும் விடாம அவரே எடுத்தாரு சார். திருப்பிக் கேட்டும் குடுக்கல. எங்க போதகர வேணா கேளுங்க."

நடுவிலிருந்தவர் அப்பாவிடம் திரும்பினார். "எடுத்தீங்களா?"

அப்பாவுக்குப் பொய் வராது. "எடுத்தேன்."

"யாராவது எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்லை. வேற யாருக்கும் விலைபோகக் கூடாதுன்னு எடுத்தேன்."

"விலைபோகக் கூடாதுன்னு விலை கொடுத்து வாங்கினீங்க?"

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வேடிக்கையான ஒன்றைக் கேட்டால் யாரும் சிரிப்பதுதான். நான் எழுந்து கத்தினேன். அப்பா கடைக்குப் போய்ச் சொன்னது, நான் சொன்னது, இனிஷியல், கூடை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்கும்போது எனக்கே அது நம்பும்படி இல்லை. "உட்காரும்மா" என்றார் நடுவிலிருந்தவர். மிஸ் சுவரோரம் நின்றுகொண்டு விசிலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு முடிவைச் சொன்னார்கள். நான் அமெச்சூரா இல்லையா என்று மேலே எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை எந்த அணியிலும் சேர்க்க முடியாது. தேசியப் போட்டிக்கு எனக்கு அடுத்து வந்த பெண் போவாள். மேலே என்றால் எங்கே என்று எனக்குத் தெரியாது. எழுதினார்களா என்றும் தெரியாது. அந்தப் பதில் கடைசிவரை வரவில்லை. அடுத்த வருடம் கேட்டதற்கும், அதற்கடுத்த வருடம் கேட்டதற்கும் இன்னும் வரவில்லை என்றுதான் சொன்னார்கள். அதற்குள் எனக்கு வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் வந்துவிட்டன.

வெளியே வந்தோம். மிஸ் எங்களோடு வரவில்லை, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தார். படிக்கட்டடியில் பேக்கரிக்காரர் டீ குடித்துக்கொண்டு நின்றார். "நல்லபடியா சொன்னேனா பாப்பா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவரிடம் எதைச் சொல்வது? நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று சொன்னால் அந்த மனுஷர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவார். அழட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்பா முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை.

பார்க் ஸ்டேஷனில் ரயிலேறி மூன்று பேரும் ஒரே இருக்கை வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா ஜன்னலோரம். பேக்கரிக்காரர் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மாம்பலத்தில் வேர்க்கடலை வாங்கி எங்கள் இருவர் கையிலும் கொட்டினார். அப்பா வேண்டாம் என்றார். கையில் கடலை விழுந்தது. அப்பா அதைத் தின்னவில்லை. கிண்டி, பரங்கிமலை எல்லாம் தாண்டி மீனம்பாக்கம்வரை அப்படியே மூடிய கையோடு உட்கார்ந்திருந்தார். ஏன் அப்பா கை தூக்கினீர்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை, பரவாயில்லை அப்பா என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பல்லாவரம் வந்தபோது பேக்கரிக்காரர் கேட்டார், "எப்ப பாப்பா பயணம்? வழிக்கு நான் பன்னு கட்டித் தரேன்."

அப்பா திரும்பவில்லை.

"இந்த வருஷம் இல்லை, அங்கிள்" என்றேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க."

அவர் முகம் வாடிவிட்டது. குரோம்பேட்டை தாண்டியதும் என் தலையில் கைவைத்தார்.

"மனச உட்றாத. அதுவரைக்கும் ஜனங்க உன் பேர மறக்காம நான் பாத்துக்கறேன்."

"தேங்க்ஸ், அங்கிள்" என்றேன்.